இவரா, அவரா? கோல்ஃபின் நேருக்கு நேர் பந்தயம்

2016 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் பில் மிக்கல்சன் நான்கு நாள் ஆட்டத்தை 267 ஸ்ட்ரோக்கில் (அடிகளில்) முடித்தார். அந்தப் போட்டியில் அதுவரை யாரும் அதைவிடக் குறைவாக அடித்ததில்லை. 1993இல் கிரெக் நார்மன் எட்டிய சாதனையும் அதே 267தான். மூன்றாம் இடத்தில் வந்தவர் அவரைவிட 11 ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தார். கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. ஹென்ரிக் ஸ்டென்சன் 264இல் முடித்துவிட்டார்.

அந்த வாரம் ‘ஸ்டென்சனா, மிக்கல்சனா’ என்ற பந்தயத்தில் மிக்கல்சன்மேல் பணம் கட்டியிருந்தால், பணம் போயிருக்கும். பட்டியலின் அடிவரிசையில் 70ஆவது இடத்தில் முடித்த ஒருவர்மேல் கட்டி, அவருடைய எதிராளி 71ஆவதாக வந்திருந்தால், பணம் கிடைத்திருக்கும். நேருக்கு நேர் பந்தயத்தின் இயல்பே இதுதான். கோப்பையை யார் தூக்குகிறார் என்பது இங்கே கணக்கில்லை. பந்தய நிறுவனம் இரண்டு பேரை ஜோடியாக நிறுத்துகிறது. அந்த இருவரில் குறைவான ஸ்ட்ரோக்கில் முடிப்பவர் யார் என்பது மட்டுமே கேள்வி. ஆட்டக்காரர்களுக்கோ தங்களை யாரோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. ரைடர் கோப்பையில் நடப்பதுபோல் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் ‘மேட்ச் ப்ளே’ வேறு, இது வேறு.

அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. அனுமதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவானது. அதன் பிறகு கோல்ஃபில் இவ்வகைப் பந்தயம் பரவலானதற்குக் காரணம் எளிது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் வழக்கமான போட்டி ஒன்றில் 100 பேருக்குமேல் ஆடுகிறார்கள். அத்தனை பேரில் ஒரு வெற்றியாளரைக் கணிப்பது பெரும்பாடு. இருவரில் ஒருவர் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மனம் சொல்கிறது.

அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சரிசமமான இருவருக்கு அமெரிக்க நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் விலை ‘மைனஸ் 110’. அதாவது 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும். இப்படி 100 பந்தயம் கட்டி 50இல் ஜெயித்தால் வருவது 5,000 டாலர், போவது 5,500 டாலர். கட்டிய 11,000 டாலரில் 500 டாலர் நிறுவனத்தின் கல்லாவுக்குப் போய்விடும். கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கவே 100க்கு 52.4 தடவை சரியாகக் கணிக்க வேண்டும். வெற்றியாளரைக் கணிக்கும் பந்தயத்தில் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு இதைவிட அதிகம் என்பது உண்மைதான். அதனால் இது லாபகரமான பந்தயம் ஆகிவிடாது, நஷ்டம் மெதுவாக வரும் பந்தயம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

52.4 என்பது சிறிய எண்ணாகத் தெரியும். கோல்ஃபில் அது சிறியதல்ல. உலகத்தரமான ஆட்டக்காரரின் ஸ்கோர்கூட ஒரு நாளைக்கு ஒரு நாள் இரண்டு மூன்று ஸ்ட்ரோக் ஏறி இறங்குவது சாதாரணம். நன்கு அடித்த பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே உருளும். தவறாக அடித்த பந்து மரத்தில் பட்டு மைதானத்துக்குள் விழும். ஒருவர் மற்றவரைவிட ஒரு ரவுண்டுக்கு அரை ஸ்ட்ரோக் மேலானவர் என்று வைத்துக்கொள்வோம். தொழில்முறை ஆட்டத்தில் இது கணிசமான வித்தியாசம். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரே ரவுண்டில் அவர் முந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 55 சதவீதம். நான்கு ரவுண்டுக்குச் சேர்த்து 60 சதவீதத்தை ஒட்டி வரும். நிஜமாகவே மேலானவரைத் தேர்ந்தெடுத்தவரும் பத்தில் நான்கு வாரம் தோற்பார் என்று இதற்குப் பொருள். நிறுவனமும் அந்த அரை ஸ்ட்ரோக்கை அறிந்திருக்கும். விலையை அதற்கேற்ப மாற்றியிருக்கும்.

அந்த அரை ஸ்ட்ரோக்கை அளக்க இன்று பயன்படும் கருவி ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய முறை. 2011இல் பிஜிஏ டூர் பட்டிங்குக்கு, அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடிக்கு, இதை ஏற்றுக்கொண்டது. எட்டடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் போட டூர் ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாக 1.5 ஸ்ட்ரோக் ஆகிறது. ஒரே அடியில் போட்டவருக்கு அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டு அடி எடுத்தவருக்கு அரை ஸ்ட்ரோக் நஷ்டம். இப்படி ஒவ்வோர் அடிக்கும் மதிப்புப் போடலாம். குழி இருக்கும் கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுகளே சிறந்தவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன, பட்டிங்கின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது பிராடியின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆகவே, பட்டிங் கைகொடுத்ததால் மட்டும் சென்ற வாரம் மேலே வந்தவரை நம்பாதே என்பது தேர்ந்த பந்தயக்காரர்களின் பாலபாடம். நல்ல பாடம்தான். அதே தரவு நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பணம் யாருக்கு என்பதைப் பல நேரம் ஆட்டத்தைவிட விதிகள்தான் தீர்மானிக்கின்றன. இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் ‘கட்’ உண்டு. ஜோடியில் ஒருவர் அந்தக் ‘கட்’டில் வெளியேறினால் மற்றவருக்கு வெற்றி. இருவரும் வெளியேறினால், பொதுவாக 36 குழிகளின் ஸ்கோர். முதல் பந்தை அடிக்கும் முன்னரே ஒருவர் விலகினால் பந்தயம் ரத்தாகிப் பணம் திரும்பும். அடித்த பின் விலகினால் தோல்விக் கணக்குதான். 2024 மே 17 காலையில், பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் ரவுண்டுக்கு வந்துகொண்டிருந்த ஸ்காட்டி ஷெஃப்லரை லூயிவில் போலீஸார் மைதான வாசலில் கைது செய்தார்கள். அவர் வராமல் போயிருந்தால், அவர்மேல் கட்டிய பந்தயங்கள் எல்லாம் இந்த விலகல் விதியில் தொங்கியிருக்கும். விடுவிக்கப்பட்டு வந்தவர் 66 அடித்தார். குற்றச்சாட்டுகள் அந்த மாதமே தள்ளுபடியாயின. ஸ்கோர் சமனானால் சில நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தருகின்றன. சில இடங்களில் ‘சமன்’ தனி விலையுள்ள மூன்றாவது தேர்வாக இருக்கும், அங்கே சமனானால் இரு பக்கமும் கட்டியவர்களுக்கு நஷ்டம். ஒரே பந்தயம், ஒரே முடிவு. நிறுவனத்துக்கு நிறுவனம் பலன் வேறு.

டீ நேரத்துக்கும், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கும், இதில் பங்கு உண்டு. முதல் இரண்டு நாளில் பாதிப் பேர் முதல் நாள் காலையிலும் மறுநாள் பிற்பகலிலும் ஆடுவார்கள். மீதிப் பேருக்கு அது தலைகீழ். கடலோர மைதானத்தில் ஒரு பிற்பகல் மட்டும் காற்று எழுந்தால் திறமை வித்தியாசமெல்லாம் அதில் கரைந்துபோகும்.

என்னை அதிகம் உறுத்துவது ஆட்டக்காரர்கள் படும் பாடு. 2023 ஆகஸ்டில் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப்பில் மேக்ஸ் ஹோமா ஒரு குட்டி பட்டுக்குத் தயாரானபோது, பார்வையாளர் ஒருவர் கத்தி அவரைக் கலைக்கப் பார்த்தார். மூன்று டாலர் பந்தயத்துக்காக! பந்து குழிக்குள் விழுந்துவிட்டது. ஆட்டக்காரர் பந்தை அடிக்கும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத ஆட்டம் கோல்ஃப். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பந்தயம் இருக்கும்போது அந்த மௌனத்தை யார் காப்பது? இந்தக் கேள்விக்கு பிஜிஏ டூர்தான் பதில் சொல்ல வேண்டும். பந்தய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பது அதுதானே.

இதெல்லாம் வெளிநாட்டு நிலவரம். இந்தியாவிலோ 2025ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் பந்தயங்களையும் வழங்குவதைத் தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு. கோல்ஃப் பந்தயம் என்று கைப்பேசியில் வரும் வெளிநாட்டுத் தளங்களின் அழைப்புகளைத் தொடாதீர்கள். அங்கே ஜெயித்த பணத்தை அவர்கள் தர மறுத்தால், இங்கே எந்த அலுவலகத்திலும் அதைக் கேட்டு வாங்க வழியில்லை.