தனியாகவா போகிறாய்?

"சிங்கப்பூர் போகிறேன்" என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. "கச்சேரி கேட்கப் போகிறேன்" என்றபோது புருவங்கள் சற்று உயர்ந்தன. "தனியாகப் போகிறேன்" என்றதும்தான் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை, சகோதரிகளே! அம்மா கையில் கரண்டியுடன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதில், அரை லிட்டர் பாலில் பாதி நிஜமாகவே போயிற்று.

"தனியாகவா?" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையை அடுத்த சில மாதங்களில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் தெரியுமா? மாமியார் கேட்டார். எதிர் வீட்டு அக்கா கேட்டாள். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன இடத்தில் வரிசையில் முன்னால் நின்ற, பெயர்கூடத் தெரியாத பெரியவர் கேட்டார். கேட்காதவர் என் கணவர் ஒருவர்தான். அவருடைய கவலை வேறு. "அந்தச் சத்தத்தைக் கேட்க என்னையும் இழுத்துக்கொண்டு போக மாட்டாயே?" என்றார். மாட்டேன் என்று உறுதி கூறியதும், எட்டு வயதுப் பெண்ணையும் சமையலறையையும் நான்கு நாட்களுக்குச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

மஞ்சள் என்று ஒரு பாட்டு

நான் கேட்கப் போனது 'கோல்ட்ப்ளே' என்னும் ஆங்கில இசைக் குழுவின் கச்சேரி. நான்கு பேர். கிறிஸ் மார்ட்டின் பாடுவார், பியானோ வாசிப்பார். ஜானி பக்லண்ட் கிதார். கை பெரிமன் பேஸ் கிதார். வில் சாம்பியன் டிரம்ஸ். 1996-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மாணவர்களாகச் சந்தித்துக்கொண்டவர்கள். 2000-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. அதில் 'யெல்லோ' என்று ஒரு பாட்டு. 'மஞ்சள்' என்று அர்த்தம். மங்கலமான தலைப்புத்தான்!

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில். என்னிடம் பாட்டுப் பெட்டி கிடையாது. தோழியிடம் இருந்தது, அதற்கு இயர்போன் ஒன்றே ஒன்று. ஒரு முனை அவள் காதில், மறுமுனை என் காதில். யாராவது தலையைத் திருப்பினால் மற்றவள் காதிலிருந்து பாட்டு கழன்று விழும். மூன்று வருஷம் அப்படித் தலையைத் திருப்பாமல் கேட்டோம். "ஒருநாள் இவர்களை நேரில் பார்த்துவிட வேண்டுமடி" என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

அதன் பிறகு அவளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம், எனக்குச் சென்னையில் வேலை. 'ஒருநாள்' என்பது காலண்டரில் இல்லாத கிழமை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துவிட்டது.

2023-ல் அறிவிப்பு வந்தது. 2024 ஜனவரியில் சிங்கப்பூர் தேசிய விளையாட்டு அரங்கில் கச்சேரி. சில நாட்கள் என்று ஆரம்பித்து, டிக்கெட்டுக்கு அடிதடி வரவே நாட்களைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஆறு இரவுகள் ஆயிற்று. தோழிக்குப் போன் செய்தேன். அவள் மாமனாருக்கு அப்போதுதான் இருதயத்தில் சிகிச்சை ஆகியிருந்தது. "நான் எப்படியடி வருவது? அடுத்த தடவை பார்க்கலாம்" என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். அவளுக்குக் காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? 'துணை இல்லை' என்பது ஒன்றுதான். மார்கழி மாதத்தில் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குத் தனியாகப் பறந்து வந்து, சபா சபாவாக ஏறி இறங்கும் ரசிகர்களை நாம் பார்த்திருக்கிறோம். "என்ன ஈடுபாடு!" என்று வியக்கிறோம். அதே ஈடுபாடு நம் வீட்டுப் பெண்ணுக்கு எதிர்த்திசையில் வந்தால் மட்டும் பால் பொங்கி வழிய வேண்டுமா?

வளையல் சீட்டு

பணத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வளையலுக்கென்று மாதாமாதம் கட்டி வந்த சீட்டு அந்த ஆண்டு முடிந்து கைக்கு வந்திருந்தது. அம்மாவின் இரண்டாவது அதிர்ச்சி அது. "வளையல் கையில் இருக்கும். பாட்டு எங்கே இருக்கும்?" என்றாள். நியாயமான கேள்விதான். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

டிக்கெட் விற்பனை கணினித் திரையில். அங்கும் வரிசைதான். நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண் காட்டும். ரேஷன் கடை தேவலை என்று தோன்றும். என் முறை வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பணம் செலுத்தும் கட்டத்தில் வங்கி அட்டை மறுத்துவிட்டது! நம் நாட்டு அட்டைகளில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தை நாமாகத் திறந்து வைத்தால்தான் வேலை செய்யும் என்பதை நான் மறந்திருந்தேன். திறந்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றேன். இரண்டாம் தடவை கிடைத்ததற்குக் காரணம், நான் தனி ஆள் என்பதுதான். நான்கு பேராகச் சேர்ந்து இடம் தேடுகிறவர்களுக்கு இல்லை என்று ஆனபிறகும், நடுவில் ஒற்றை நாற்காலி ஒன்று எங்காவது மிஞ்சியிருக்கும். தனியாகப் போவதில் முதல் லாபம் அது!

குறித்துக்கொள்ளுங்கள்

உங்களுக்கும் இப்படி ஓர் ஆசை இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

பாஸ்போர்ட் பிரயாணத் தேதிக்குப் பிறகும் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு, போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். இது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

டிக்கெட்டை அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் டிக்கெட் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு நாற்காலி உள்ள இடமே மேல். மேடைக்கு அருகே நிற்கும் பகுதியில் இடத்தைப் பார்த்துக்கொள்ளத் துணை இல்லாவிட்டால், தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் இடம் பறிபோய்விடும்.

தங்குமிடம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கச்சேரி முடிந்து திரும்பும் வேளையில் அதன் அருமை தெரியும்.

கடைசி விஷயத்தை நான் செய்யவில்லை, அம்மா செய்தாள். புறப்படும்போது தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் விடுதியின் விலாசத்தை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதி, நான்காக மடித்து என் கைப்பையில் திணித்தாள். "எல்லாம் போனில் இருக்கிறதம்மா" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

முருகன் காட்சி கொடுத்தான்

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம். இங்கிருந்து கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 25-ஆம் தேதி காலையில் இறங்கி, லிட்டில் இந்தியாப் பகுதியில் உள்ள விடுதிக்குப் போனால், சிராங்கூன் சாலை முழுவதும் ஒரே கூட்டம்! அன்று தைப்பூசம். ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பால்குடம் ஏந்திய பெண்கள் வெறுங்காலுடன் நடந்தார்கள். நான் பெட்டியும் கையுமாக ஓரமாக நின்று கும்பிட்டேன்.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். அவ்வளவுதான்! நான் திரும்பி வருவதற்குள், "என் பெண் தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போயிருக்கிறாள்" என்ற செய்தி எங்கள் தெரு முழுவதும் பரவிவிட்டது.

மறுநாள் நம் குடியரசு தினம். அன்றுதான் என் கச்சேரி. ரயிலில் ஏறினால், நடைமேடைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித் தமிழிலும் அறிவிக்கிறார்கள். அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்றல்லவா? டோபி காட் நிலையத்தில் வண்டி மாறி, 'ஸ்டேடியம்' நிலையத்தில் இறங்கினேன். 2014-ல் திறந்த அரங்கம் அது. 310 மீட்டர் அகலத்துக்குத் தூணே இல்லாமல் கவிந்திருக்கிற கூரை. 55,000 பேர் உட்காரலாம்.

வாசலில் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்னாலும் பின்னாலும் கூட்டம் கூட்டமாக நண்பர்கள், ஜோடிகள். ஒருவர் மற்றவரைப் படம் எடுத்தார்கள். நான் மட்டும் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். 'வராமலே இருந்திருக்கலாமோ?' என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வெட்கம் என்ன?

அப்போது பக்கத்திலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. "பிள்ளை தனியவோ வந்தனீங்கள்?"

ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் ஆசிரியை. வெளிநாட்டில் படிக்கும் மகன் போனில் அனுப்பிய பாட்டுக்களைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியமாகிவிட்டாராம்.

"நீங்களும் தனியாகவா, அம்மா?" என்றேன்.

"ஓம். துணைக்கு ஆள் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால், நான் இப்பவும் கொழும்பிலைதான் இருப்பன்" என்று சிரித்தார். என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். நான் அவரை எடுத்தேன். வாசலைத் தாண்டியதும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஐம்பதாயிரம் மின்மினிகள்

உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு கைப்பட்டை தருகிறார்கள். கச்சேரியின்போது அது தானாக ஒளிரும். பாட்டுக்குத் தகுந்தபடி நிறம் மாறும். எல்லாவற்றையும் கம்பியில்லா முறையில் இயக்குகிறார்கள். மக்கிப் போகும் தாவரப் பொருளில் செய்த பட்டை அது. முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஊர் ஊராக விமானத்தில் சாமான்களை ஏற்றிப் போய்க் கச்சேரி செய்வதால் காற்று கெடுகிறதே என்று, 2019-ல் புது ஆல்பம் வெளியிட்டபோது உலகச் சுற்றுப்பயணம் போகாமல் நின்றுவிட்டார்கள். வழி கண்டுபிடித்துக்கொண்டு 2022-ல் மறுபடி புறப்பட்டார்கள். ரசிகர்கள் குதித்தால் மின்சாரம் தரும் தரை, மிதித்தால் மின்சாரம் தரும் சைக்கிள், ஒரு டிக்கெட்டுக்கு ஒரு மரக்கன்று என்று ஏற்பாடுகள். முந்தைய பயணத்தைவிட ஒவ்வொரு கச்சேரிக்கும் கரியமில வாயுவை 59 சதவீதம் குறைத்துவிட்டதாக 2024 ஜூனில் அறிவித்தார்கள். என்னைப் போல் விமானம் ஏறி வருகிற ரசிகர்களின் புகை அந்தக் கணக்கில் சேராது. அதை நினைத்தால் எனக்குச் சற்றுக் கூச்சம்தான்.

'யெல்லோ' ஆரம்பித்தது. அரங்கம் முழுவதும் மஞ்சள். ஐம்பதாயிரம் கைகளில் மஞ்சள் மின்மினிகள். என் கையிலும் ஒன்று. தோழிக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் உயரத் தூக்கிப் பிடித்தேன். பாட்டு முடிந்து காதில் வைத்தேன். மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம் இல்லை, பேச்சு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தலையைத் திருப்பாதேடி" என்றாள். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

பின்னால் இன்னொரு பாட்டின் நடுவே கிறிஸ் மார்ட்டின் பாட்டை நிறுத்தி, "இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் போன்களை உள்ளே வைத்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். வைத்தோம். கைகள் காலியானதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்த நிமிஷம் நான் தனியாக வந்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

காலண்டர் தாள்

கச்சேரி முடிந்து வெளியே வந்து பார்த்தால், போன் உயிரை விட்டிருந்தது. படம் எடுத்ததும் தோழிக்குப் பேசியதும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டன. நேற்று வந்த ஊர். நள்ளிரவு நெருங்குகிறது. அத்தனை பேரும் ஒரே நிலையத்தை நோக்கி நகர்கிறார்கள். விடுதி எந்தச் சந்தில் இருந்தது? கால் வெலவெலத்தது.

கைப்பையைத் துழாவினேன். நான்காக மடித்த காலண்டர் தாள் விரலில் தட்டுப்பட்டது. வங்கி அட்டையைக் காட்டி ரயில் ஏறினேன். லிட்டில் இந்தியாவில் இறங்கி, கடையை மூடிக்கொண்டிருந்த பூக்காரப் பெண்மணியிடம் தாளை நீட்டினேன். "அடுத்த முக்கில்தாம்மா" என்று கை காட்டினார். தனியாகப் போவது என்றால் யாருடைய கையும் இல்லாமல் போவது அல்ல என்று அந்த இரவில் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். "பாட்டு எங்கே இருக்கும்" என்று கேட்டாளே, அதற்குப் பதிலாக என் பெண் 'யெல்லோ'வைப் பாடிக் காட்டினாள். அம்மா கேட்டுவிட்டு, "சுருதி சேர்கிறது" என்றாள். அதற்குமேல் பாராட்டை அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஆண்டே, 2025 ஜனவரியில், அதே குழு மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் வந்தது! "ஒரு வருஷம் பொறுத்திருந்தால் வளையல் மிஞ்சியிருக்குமே" என்றார்கள் எல்லோரும். ஆனால் அது எனக்கு முன்கூட்டித் தெரியாதே! டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கானவர்கள் மோதினார்கள். அந்த மோதலில் ஒற்றை நாற்காலி ஒன்றைப் பிடித்துவிட்டு என் தோழி போன் செய்தாள். மாமனார் தேறிவிட்டார், அவரே போய்வரச் சொன்னாராம். ஜனவரி 26, ஆமதாபாத், 1,32,000 பேர் கொள்ளும் அரங்கம்.

"நான் ரயிலில் போகிறேன். டிக்கெட்கூட எடுத்தாயிற்று" என்றாள்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா, சகோதரிகளே?

"தனியாகவாடி?"