காற்றுத் துப்பாக்கி வாங்குமுன்

பொங்கலை முன்னிட்டு ரெட்டியார்பாளையத்தில் நம் சங்க அங்கத்தினர் குடும்பங்களுக்காக நடந்த விளையாட்டு விழாவில் பலூன் சுடும் பந்தயமும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது பாதியிலேயே நின்றுபோனதையும் மறந்திருக்கமாட்டார்கள். ஏன் நின்றது என்று பலர் நம்மைக் கேட்டனர். பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு; ஏனெனில் அந்தத் துப்பாக்கியை வாங்கி வந்தவர்கள் நாமே.

விளம்பரத்தைக் கண்டு, வெளியூர்க் கடை ஒன்றில், மலிவு என்ற ஒரே காரணத்திற்காக அதனை வாங்கினோம். முதல் இருபது குண்டுகளில் பலூனைத் தொட்டவை நான்கு. சுடுகிறவர்களின் கை நடுக்கம் என்றே எண்ணினோம். பிறகு நம் நெசவாளர் ஒருவருடைய மகன் குழலைக் கீழே மடித்துக் குண்டைச் செருகிக்கொண்டிருந்தபோது, விசையை யாரும் தொடாமலேயே உள்ளேயிருந்த கொக்கி நழுவிற்று. குழல் படீரென்று மேலே எழும்பி அவன் விரல்களை நசுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆயினும் மூன்று வாரம் அவன் நாடாவைத் தொடமுடியவில்லை. தறியில் உட்காருகிறவனுக்கு விரலே மூலதனம் அல்லவா? சங்கப் பணம் போனதைவிட இதுவே நம்மை வருத்துகிறது.

இக்கருவி வேலை செய்யும் விதத்தை அறிந்தால் பிழை எங்கே என்பது தானே விளங்கும். காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. கட்டைக்கு முன்னுள்ள உருளைக்குள் வலிய எஃகுச் சுருள்வில் ஒன்றும் அதன் முனையில் ஓர் உந்துதண்டும் இருக்கின்றன. குழலை மடிக்கும்போது நம் கையின் பலத்தால் சுருள்வில் அமுங்குகிறது. ஒரு கொக்கி அதனைப் பிடித்துக்கொள்கிறது. குண்டை வைத்துக் குழலை நிமிர்த்தி விசையை இழுத்தால் கொக்கி விடுபடுகிறது. உந்துதண்டு பாய்ந்து முன்னுள்ள காற்றை நெருக்க, அக்காற்று ஒரு சிறு துளை வழியே சென்று குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்பில் இருப்பதுபோல உந்துதண்டின் தலையில் தோலாலோ ரப்பர் போன்ற செயற்கைப் பொருளாலோ ஆன வாஷர் உண்டு. குழலும் உருளையும் சேரும் வாயிலும் ஒரு சிறு வளையம் உண்டு. இவ்விரண்டும் காற்றைக் கசியவிட்டால் வில் எவ்வளவு வலியதாயினும் பயனில்லை.

நம்முடைய துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தபோது அந்த வளையம் வெடித்திருந்தது. குழல் மடியும் கீல் ஆடிற்று. கொக்கியின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தது. புதிது என்று சொல்லி விற்ற பொருள் அது! கடைக்காரர் கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு; அதில் துப்பாக்கியின் எண் இல்லை. “இது எங்கள் கடையில் வாங்கியதே அன்று” என்று அவர் கைவிரித்தபோது நம்மிடம் மறுமொழி இல்லாமற் போயிற்று. எண்ணும் தேதியும் எழுதிய முறையான ரசீது இருந்திருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட்டிருக்கலாம்.

இரண்டாம் முறை வாங்கச் சென்றபோது விலையைக் கடைசியில்தான் கேட்டோம். முதலில் குழலை நிமிர்த்திப் பூட்டிய நிலையில் இடவலமாக அசைத்துப் பார்த்தோம். மயிரிழையும் அசையலாகாது. பிறகு குழலை மடித்தோம். சுருள்வில் ஒரே சீராக அமுங்கவேண்டும். மணல் அரைப்பதுபோல் நரநரவென்ற ஓசை கேட்டால் வில் வளைந்திருக்கிறது அல்லது உருளையை உராய்கிறது என்று பொருள். கொக்கி விழும் ஓசை தெளிவாகக் கேட்டபிறகும் மறு கையால் குழலைப் பிடித்துக்கொண்டே குண்டை வைக்கவேண்டும். எந்தக் கம்பெனியின் துப்பாக்கியாயினும் இதில் விலக்கு இல்லை.

காற்றுக் கசிவை அறிய நெசவாளருக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஓர் அங்குல நீளத்தில் மெல்லிய பஞ்சு நூலைக் குழலும் உருளையும் சேரும் இடத்தின்மேல் படிய வைத்துவிட்டுச் சுடச் செய்யுங்கள். நூல் காற்றில் பறந்து போனால் வளையம் பழுது. கடைக்காரர் முகம் கோணினாலும் இச்சோதனையை விடவேண்டாம்.

அடுத்தது குறி. பத்து மீட்டர் தூரத்தில் தாள் ஒன்றை ஒட்டி, துப்பாக்கியின் முன்பகுதியை உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி ஐந்து குண்டுகளைச் சுடவேண்டும். ஐந்து துளைகளையும் ஒரு நாணயத்தால் மூடிவிடக் கூடுமானால் நல்ல துப்பாக்கி. துளைகள் ஒன்றாக இருந்து, ஆனால் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் கவலையில்லை. குறிமுள்ளைத் திருகிச் சரிசெய்யலாம். சிதறியிருந்தால்தான் ஆபத்து. இறுகப் பிடித்தால் நல்ல துப்பாக்கியும் சிதறடிக்கும். உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அது முட்டி நிற்கும்போது முன்னே உதைக்கிறது. இவ்விரண்டு உதையும் குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றன. ஆகையால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தளர்வாகப் பிடிப்பதே வழி. (திருவிழாக் கடைகளில் குறிமுள்ளை வேண்டுமென்றே வளைத்து வைக்கிறார்கள் என்ற பேச்சை நாம் ஆராயப் புகவில்லை.)

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களைக் கண்டு மயங்கவேண்டாம். இலேசான குண்டைப் போட்டால் எந்தத் துப்பாக்கியும் பெரிய எண்ணைக் காட்டும். அரை கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 10 ஜூல். பலூனுக்கும் தாளுக்கும் இது தாராளம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016இல் வகுத்த விதிகளின்படி, குழலின் உட்குறுக்களவு 0.177 அங்குலத்திற்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டதை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். குண்டு டப்பாவில் 4.5 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருப்பதும் இதே 0.177 அங்குலந்தான். பிரெஞ்சு ஆட்சியில் வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மீட்டர் கணக்கைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை.

புதுத் துப்பாக்கி முதலில் சிறிது புகை கக்கினால் அஞ்சவேண்டாம். உள்ளேயுள்ள எண்ணெய் நெருக்கிய காற்றின் சூட்டில் எரிவதே அது. அதற்காகக் காற்றறையில் மேலும் எண்ணெய் விடுவது வில்லையும் வாஷரையும் கெடுக்கும். குண்டு வைக்காமல் வெறுமனே சுடுவதும் அவ்வாறே: எதிரே குண்டு இல்லாவிட்டால் உந்துதண்டு காற்றுமெத்தையின்றி நேரே இரும்பில் மோதுகிறது. வில்லை அமுக்கிய நிலையிலேயே இரவெல்லாம் வைத்துவிட்டால் அது சோர்ந்துவிடும். மாற்றுச் சுருள்வில்லும் வாஷரும் அக்கடையிலேயே கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்குமானால் ஒரு ஜோடி சேர்த்தே வாங்கிக்கொள்வது நலம்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் பெற்றபின், நம் பிள்ளைகள் சிலருக்கும் இதில் ஆசை பிறந்திருக்கிறது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றதும் இப்பிரிவிலேயே. அவர்கள் கையாள்வது சுருள்வில் துப்பாக்கியன்று, முன்னதாகவே அடைத்துவைத்த காற்றில் இயங்குவது, விலையும் மிகுதி. ஆயினும் பழகத் தொடங்குகிறவனுக்குச் சுருள்வில் துப்பாக்கி போதும்.

பயிரிடும் அங்கத்தினர் சிலர், கொய்யாவைக் கொத்தும் கிளிகளையும் நிலக்கடலையைக் கிளறும் மயில்களையும் விரட்டச் சங்கத் துப்பாக்கியை இரவல் கேட்டனர். அவர்களுடைய நஷ்டம் பெரிது என்பதை அறிவோம். ஆனால் கொடுக்க இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் உள்ளது. கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவையே. சுட்டால் சிறை. மேலும், அண்மையிலுள்ள ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். தப்பிய குண்டு 200 மீட்டருக்கு அப்பாலும் செல்லும். அடுத்த கொல்லையில் களை எடுப்பவரின் கண்ணை அது அறியாது. வலையும் தகர ஓசையுமே தற்போது நாம் சொல்லக்கூடியவை.

புதிய துப்பாக்கி சங்க அலுவலகப் பீரோவில் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி காரியதரிசியிடம். பழையதைச் சுருள்வில்லைக் கழற்றிவிட்டு மேசைமேல் வைத்திருக்கிறோம். தேய்ந்த கொக்கியைப் பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள் மாலை வேளைகளில் வரலாம். அடுத்த பொங்கலுக்குப் பந்தயம் உண்டு. பலகைக்குப் பின்னால் அடுக்க மணல் மூட்டைகள் வேண்டியிருப்பதால், வீட்டில் வெறும் சாக்கு இருப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் உதவியாயிருக்கும்.