உரிமம் கேட்கும் கணிப்பொறி

என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பழுதான அவருடைய கணிப்பொறிக்கு, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையைப் புதிதாக மாற்ற நேர்ந்தது. மறுநாள் திரையின் வலப்புற மூலையில், விண்டோஸைச் செயலாக்குமாறு கோரும் மங்கலான வாசகமொன்று தோன்றிற்று. "பணம் கொடுத்து வாங்கிய என்னைத் திருடன் என்கிறதே இந்த யந்திரம்!" என்று அவர் மனம் நொந்தார். உண்மையில் அது அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அடையாளம் தெரியவில்லை என்றே சொல்லிற்று.

2001ஆம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பியுடன் இம்முறை பரவலாயிற்று. உரிம எண்ணையும் கணிப்பொறியின் உறுப்புகளையும் இணைத்து ஓர் அடையாளம் கணித்து, மைக்ரோசாப்ட் நிறுவனம் பதிந்துகொள்கிறது. ஒரே உரிமம் பல வீடுகளில் ஏறாமல் தடுப்பதே நோக்கம். நினைவகத்தைக் கூட்டினால் விண்டோஸ் பெரும்பாலும் பொருட்படுத்தாது. தாய்ப்பலகை மாறினாலோ, வேறு கணிப்பொறி என்றே கொள்ளும்.

கோப்புகள் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டா. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் திரையின் தோற்றத்தை மாற்றும் வசதிகள் முடங்குமேயன்றி, எழுதி வைத்தவை அழிவதில்லை.

முதலில் தேதியைப் பாருங்கள். கணிப்பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது, நாணயம் போன்றதொரு சிறு பாட்டரி. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது நிறுவனத்தின் கணிப்பொறி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி, தொடர்பே அறுந்துவிடும். பாட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினாலே சிலருக்குக் குறை தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, 25 எழுத்துகள் கொண்ட உரிம எண். அதில் ஆங்கில உயிரெழுத்துகள் ஒன்றும் வாரா. பூஜ்யமும் ஒன்றும் வாரா. கண் மயங்கக்கூடாது என்று விலக்கியிருக்கிறார்கள் போலும். ஆயினும் எட்டு என்னும் இலக்கத்தையும், அதனைப் போலவே தோன்றும் ஆங்கில இரண்டாம் எழுத்தையும் ஏனோ விட்டுவைத்தார்கள்! மேலும், ஹோம் பதிப்புக்குரிய எண் ப்ரோ பதிப்பைத் திறக்காது.

உரிமத்தின் வகையையும் அறிதல் வேண்டும். கணிப்பொறியுடன் சேர்ந்தே வந்த உரிமம் அதனோடு ஒட்டியது. தனியே வாங்கியதை மற்றொன்றுக்கு மாற்றலாம். பழுதாகுமுன்பே அதனை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குடன் பிணைத்திருந்தால், அமைப்புகளில் செயலாக்கம் என்னும் பகுதிக்குச் சென்று, அண்மையில் உறுப்பு மாற்றியதாகத் தெரிவிக்கலாம். பிணைக்காதவர்கள் இன்றே பிணைத்துவிடுவது நலம்.

நண்பரிடம் யாரோ, இணையத்தில் இலவசமாகப் பூட்டுடைக்கும் நிரல் கிடைக்கும் என்றார்களாம். அத்தகையவை பல, வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லியே உள்ளே நுழைகின்றன. காவற்காரனை அனுப்பிவிட்டு வருகிறவன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? நல்லவேளை, அவர் அதனைத் தொடவில்லை.

அவருடையது தனியே வாங்கிய உரிமம். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மும்முறை இட்டும் ஏற்கவில்லை. பரணிலிருந்த பழைய பெட்டியை இறக்கி ஒப்பிட்டோம். ஆங்கில இரண்டாம் எழுத்தை எட்டு என்று எழுதியிருந்தார். மாணவர்களின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தே பழகியவர், தம் குறிப்பேட்டில் அதனையும் சுழித்துவிட்டு, நான்காம் முறை இட்டார். மங்கல் வாசகம் மறைந்தது.