பண்ணைப்புரத்துக்காரரின் வயலின்கள்

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது இளையராஜா பிறந்த பண்ணைப்புரம். 1986இல் வெளியான ‘ஹவ் டு நேம் இட்?’ அவர் படத்துக்காக அமைத்ததல்ல. வயலின்கள் முன்னே நிற்கும் வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கவனித்துக் கேளுங்கள். ஓரிடத்தில் பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவே உள்ளே வந்து நம் இசையோடு பேசுகிறது. என்ன துணிச்சல்!

இந்த இசை பின்னர் குறுந்தகடாகவும் வந்தது. பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்யும்போது இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்தால், வில் கம்பியில் உரசும் ஓசையும் கூடவே போய்விடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த உரசல் வேண்டும்.