காவல் நிலையத்தைக் கேள்வி கேட்பது யார்?

1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீசார் விசாரணைக்குக் கொண்டுபோன ராஜாக்கண்ணு என்பவர் வீடு திரும்பவில்லை. 'தப்பி ஓடிவிட்டார்' என்றார்கள். உடலோ மாவட்ட எல்லையைத் தாண்டி, இன்றைய அரியலூர் மாவட்டத்தின் மீன்சுருட்டி பக்கம் கிடந்தது. வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்குதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படை இதுவே. அப்படியானால், போலீஸ் தவறு செய்தால் வெளியிலிருந்து கேட்க யார் இருக்கிறார்கள்?

டெல்லி தலையிட முடியுமா?

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமைகளைத் தொடர்ந்து மீறும் உள்ளூர்க் காவல்துறை மீது மத்திய அரசே வழக்குத் தொடரலாம். இங்கே காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் டெல்லிக்கு அப்படி ஒரு வழி இல்லை. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆணையம் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். நேரடியாகக் கை வைப்பது நீதிமன்றம். 2020-இல் காவல் மரண வழக்கில் சாத்தான்குளம் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

மாவட்டத்தில் யார்?

மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் போலீசார் மீதான புகார் ஆணையம் வேண்டும் என்றது 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. தமிழகத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. பெரம்பலூரில் ஒரு காவலர் மீது புகார் என்றால், கேட்கும் இடத்தில் அவருடைய மேலதிகாரியே உட்கார்ந்திருப்பார். இதைச் சுதந்திரமான கண்காணிப்பு என்று சொல்ல முடியாது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு அனுப்ப வேண்டும். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது.

இன்னொரு சாட்சி சிசிடிவி. லாக்கப், வராண்டா, வாசல், இன்ஸ்பெக்டர் அறை என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவை வரவழைக்க மனித உரிமை ஆணையத்துக்கும் அதிகாரம் உண்டு.

எனவே புகார் கொடுக்கும்போது நாள், நேரம், நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டு, கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.