முதுகுன்றமும் விருத்தாசலமும்

ஓர் ஊர்ப்பெயர் பிறமொழி புகுங்கால் ஒலிவழியாகவோ பொருள்வழியாகவோ செல்லும். இத்தாலிய நகராகிய மிலானோ பண்டை இலத்தீனில் மெதியோலானும் எனப்பட்டது. செருமானியர் அதனை மைலாந்து என்பர். அவர்தம் மொழியில் ‘மை’ மே மாதத்தையும் ‘லாந்து’ நிலத்தையும் உணர்த்தும். அம்மாதத்திற்கும் அந்நகர்க்கும் தொடர்பின்று. ஒலியே சென்றது, பொருள் பின்னர் ஏறிற்று.

இதற்கு மறுதலையாகப் பொருளே சென்றமைக்கு விருத்தாசலம் சான்றாகும். தேவார மூவரும் பாடிய பெயர் முதுகுன்றம் என்பது. வடமொழியில் ‘விருத்தம்’ முதிர்ந்தது. ‘அசலம்’ அசையாதது, அஃதாவது மலை. இரு சொற்களும் முறையே பெயர்க்கப்பட்டமை வெளிப்படை. பழமலை என்னும் பெயரும் தமிழில் வழங்கிற்று. 17ஆம் நூற்றாண்டினரான சிவப்பிரகாசர் பழமலை அந்தாதி பாடினார். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள இவ்வூரிலோ கண்ணுக்குப் புலனாகும் குன்று இல்லை. இறைவனே குன்றாயினான் எனத் தலபுராணம் விடை கூறும். ஆகவே, பெயர்த்தோர் நோக்கியது நிலத்தையன்று, சொல்லையே என்க.

சொல்லை மட்டும் நோக்குங்கால் பொருள் பிறழ்தலும் உண்டு. இவ்வூர் அம்மை தமிழில் பெரியநாயகி, வடமொழியில் விருத்தாம்பிகை. பெருமை குறித்த சொல் நின்ற இடத்தில் முதுமையும் புகுந்தது. குரு நமசிவாயர் அம்மையைக் கிழவியெனப் பாடி அன்னம் வேண்ட, கிழவி எங்ஙனம் சோறு கொணர்வாள் என அவள் வினவினாள் என்றும், இளையாளாகப் பாடியபின் இளமையுருவில் வந்து அளித்தாள் என்றும் வழங்கும் கதை, அம்முதுமைப் பொருளைப் பற்றியே நிற்கிறது.

திருமறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. மரை என்னும் விலங்கு திரிந்த மரைக்காடே முற்பெயர் எனக் கருதுவாரும் உளர். அது மெய்யாயின், ஓர் எழுத்தின் திரிபைப் பெயர்ப்பு நிலைபெறச் செய்துவிட்டது எனலாம்.

விருத்தாசலத்தை அடுத்துள்ள வேப்பூரை இனி நோக்குவாம். வேம்பு என்னும் மென்றொடர் வன்றொடராகி, ஊர் என்பதனோடு புணர்ந்து வேப்பூர் ஆயிற்று. இப்பெயர் வடமொழியாக்கம் பெற்று வழங்கவில்லை. முதுகுன்றமும் மறைக்காடும் பாடல்பெற்ற தலங்கள்; வேப்பூர் அன்னதன்று. எனவே, இத்தகைய பெயர்ப்புக் கோயில்வழி நிகழ்ந்தது எனக் கருத இடமுண்டு.

ஆங்கிலமோ விருத்தாசலத்தை ஒலியளவில் ஏற்றது. புகைவண்டிச் சந்திப்பும் அப்பெயரே தாங்கியது. புதுமைப்பித்தனின் இயற்பெயரும் அதுவே. மாயூரம் 1982இல் மயிலாடுதுறையென மீண்டது, முதுகுன்றம் மீளவில்லை. ஊர்ப்பெயர் ஆய்வார், பெயர்ப்பில் பொருள் தேடுமுன் முற்பெயரின் வடிவைத் துணிதல் வேண்டும். வடிவு துணியாக்கால் பொருள் துணிதல் ஒல்லாது.