மரண சாசனங்கள் சொல்லும் வமிசக் கதை



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனுக்கு, 1791-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மாநகரிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் சர் ஐசக் ஹெர்ட் என்பவர். உயர்குடியினரின் குலச் சின்னங்களையும் வமிசாவழிகளையும் பதிவு செய்து காக்கும் அரச அலுவலகத்தின் தலைவர். வாஷிங்டனின் முன்னோர் யாவர் என்பதே அவருடைய வினா. அப்பொருளில் தாம் அதிகம் கருத்துச் செலுத்தியதில்லை என்றும், தம் குலத்தார் இங்கிலாந்தின் வடபுலத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லக் கேட்டதுண்டு என்றும் 1792 மே மாதத்தில் வாஷிங்டன் விடை எழுதினார். ஒரு நாட்டை உருவாக்கிய பெருமகனார்க்குத் தம் கொள்ளுப்பாட்டனாருக்கு அப்பால் எவர் பெயரும் திட்டமாகத் தெரியவில்லை!

இதில் வியப்பில்லை. கடல் கடந்து குடியேறிய மக்கள் காடு திருத்திப் புகையிலை பயிரிடுவதில் முனைந்திருந்தார்களேயன்றி, குல வரலாறு எழுதுவதற்கு அவர்களுக்கு ஓய்வு ஏது? ஆயினும், ஒன்றை மட்டும் அவர்கள் மறவாமல் எழுதினார்கள். சொத்து யாருக்குச் சேரவேண்டும் என்பதே அது. பெருமைக்காக எழுதும் வமிசாவழியில் பொய் புகுதல் எளிது. பங்காளிகள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் சொத்துப் பத்திரத்தில் அது அவ்வளவு எளிதன்று. ஆகையால்தான் வமிச ஆராய்ச்சியாளர்கள் உயிலை முதற் சான்றாகக் கொள்கிறார்கள்.

வர்ஜீனியாக் குடியேற்றத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய உயில் அந்தக் கோட்டத்து நீதிமன்றத்தில் வைக்கப்பெறும். சாட்சிகள் வந்து, இது அவருடைய உயிலே என்று சத்தியம் செய்வார்கள். எழுத்தர் அதனை உயிற் புத்தகத்தில் அப்படியே பெயர்த்தெழுதுவார். உயில் இன்றி இறந்தாலோ, மனைவியையோ மூத்த மகனையோ நீதிமன்றம் நிருவாகியாக நியமித்துப் பிணைப்பத்திரம் வாங்கும். பிறகு அண்டை வீட்டுக்காரர் சிலர் நீதிமன்றக் கட்டளைப்படி வந்து, கட்டில், கொப்பரை, கறவைமாடு என்று ஒவ்வொன்றையும் எண்ணி விலை மதித்துப் பட்டியல் எழுதுவார்கள்.

இந்த ஏடுகளைப் படிக்கப் புகுவோர் சில கண்ணிகளை அறிந்திருத்தல் வேண்டும். 1752-ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச்சு 25-ஆம் நாளில் பிறந்தது. ஆகவே பழைய ஏட்டில் 1649 சனவரி என்றிருப்பது நம் கணக்கில் 1650 சனவரியாகும். இதனை அறியாதவர், தந்தை இறந்த பிறகு உயில் எழுதியதாகக் கணக்கிட்டுத் திகைப்பர். உறவுச் சொற்களோ இன்னும் வழுக்குவன. மருமகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அக்காலத்தார் மனைவியின் முதல் தாரத்து மகளுக்கும் வழங்கினர். மற்றொன்று: உயிலில் மூத்த மகனின் பெயர் இல்லையென்றால் மகனே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிலம் சட்டப்படியே அவனைச் சேருமாதலால், தந்தை அவனைக் குறிப்பிடாமலே விட்டிருக்கலாம்.

இனி வாஷிங்டன் குடும்பத்துக்கு வருவோம். ஜார்ஜின் கொள்ளுப்பாட்டனாரான ஜான் வாஷிங்டன் ஒரு வணிகக் கப்பலின் துணை அதிகாரியாக 1657-ஆம் ஆண்டையொட்டி வர்ஜீனியாவுக்கு வந்தார். கப்பல் பொடோமக் ஆற்றில் தரைதட்டியது. அவர் அங்கேயே தங்கி மணம் புரிந்துகொண்டார். அவருடைய தம்பி லாரன்சும் பின்னர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் கோட்டத்துச் சல்கிரேவ் என்னும் ஊரில் வாஷிங்டன் குடும்பம் ஒன்று இருந்தது. அதில் ஜான், லாரன்ஸ் என்னும் சகோதரர் இருவர் இருந்தனர். பெயர் பொருந்துகிறது, காலமும் ஏறக்குறையப் பொருந்துகிறது. அவர்களே இவர்கள் என்று ஹெர்ட் கருதினார். நூல்களும் அவ்வாறே எழுதின. 1866-ஆம் ஆண்டில் ஜோசப் லெமுவல் செஸ்டர் என்னும் ஆராய்ச்சியாளர் இக்கட்டடத்தை இடித்தார். சல்கிரேவ் குடும்பத்து ஜான், ‘சர்’ பட்டம் பெற்ற பெருந்தகை, லாரன்சோ, பாதிரியார். வர்ஜீனிய ஏடுகளில் ஜானுக்குச் ‘சர்’ பட்டமும் இல்லை. அங்கிருந்த லாரன்ஸ் பாதிரியாரும் அல்லர். பெயரொற்றுமை ஒன்றையே நம்பி எழுதிய வமிசாவழி இவ்வாறு சரிந்தது. நான் பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில் மாணாக்கர்க்கு இதனைப் பலமுறை எடுத்துக் காட்டியதுண்டு.

அப்படியாயின் ஜான் யார் மகன்? இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1889-ஆம் ஆண்டில், ஹென்றி வாட்டர்ஸ் என்பவர் விடை கண்டார். லண்டனில் உயில் ஏடுகளைப் பொறுமையுடன் புரட்டி வந்த அவர் கண்ணில், டிரிங் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆண்ட்ரு நோலிங் என்பவரின் உயில் பட்டது. நம் கணக்கில் 1650-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்றது அது. அவர் வாஷிங்டன் குலத்தவர் அல்லர். ஆனால், தம் ஞானமகனாகிய லாரன்ஸ் வாஷிங்டனுக்கு நிலத்தை விட்டுச் செல்கிறார். அவன் தாய் ஆம்பிலிசை, மேலே நான் கூறிய அந்த வழுக்குச் சொல்லால், ‘மருமகள்’ என்கிறார்; உண்மையில் அவள் அவர் மனைவியின் மகளே. அதே உயிலில் ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா என்னும் வாஷிங்டன் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. 1656-ஆம் ஆண்டில் ஆம்பிலிசின் உடைமைகளுக்கு நிருவாகியாக மகன் ஜான் நியமிக்கப்பெற்றதற்கும் பதிவு கிடைத்தது. அதையடுத்துத்தானே ஜான் கப்பல் ஏறினார்!

இனிக் கடலின் மறுகரையைப் பாருங்கள். வர்ஜீனியாவில் ஜான் 1675-ஆம் ஆண்டில் எழுதிய உயிலில், தங்கை மார்த்தாவுக்குப் பத்துப் பவுன் தருகிறார். அவள் அந்நாட்டுக்கு வந்த பயணத்தின் பொருட்டு அவருக்குப் பட்ட கடனையும் விட்டுக்கொடுக்கிறார். அந்த மார்த்தா 1697-ஆம் ஆண்டில் தம் உயிலில், இங்கிலாந்திலுள்ள மூத்த அக்காள் எலிசபெத்துக்கும் மற்றொரு சகோதரி மார்கரெட்டுக்கும் புகையிலை விட்டுச் செல்கிறார். பணத்துக்கு ஈடாகப் புகையிலை வழங்கிய நாடு அது. ஜான், லாரன்ஸ், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஆகிய ஐவர் பெயரும் இரு கரையிலும் பொருந்தி நிற்கின்றன. ஒரு பெயர் பொருந்துவது தற்செயல். ஐந்து பெயர்களும் அதே உறவு முறையில் பொருந்துவது சான்று.

தந்தை யார் தெரியுமா? செஸ்டர் விலக்கிய அதே சல்கிரேவ் குடும்பத்துப் பாதிரியார் லாரன்ஸ்! குடியேறியவரின் சகோதரர் அல்லர், தந்தையே அவர். ஆக்ஸ்போர்டில் பயின்று, எஸ்ஸெக்ஸ் கோட்டத்தில் பர்லி என்னும் ஊரில் குருவாக இருந்தவர். உள்நாட்டுப் போரின்போது, 1643-ஆம் ஆண்டில், மதுக்கடைகளில் பொழுதுபோக்குபவர் என்று பழி சுமத்திப் பதவியிலிருந்து நீக்கப்பெற்றார். பழி எவ்வளவு மெய்யோ. எதிர்க்கட்சியார் சொல்லியதை முற்றும் நம்புதல் நீதியன்று. குடும்பம் வறுமையுற்றது, பிள்ளைகள் கடல் கடந்தார்கள். சல்கிரேவ் குடும்பத்தின் மூலவரோ வடபுல லாங்கஷயரிலிருந்து வந்தவர். ஆக, ஜார்ஜ் கேட்டிருந்த செவிவழிச் செய்தியும் முற்றும் பொய்யன்று.

இவ்வளவும் ஆள்வோர் குடும்பத்தின் கதை. இதே ஏடுகளில் இன்னொரு வகையினரின் பெயர்களும் உள்ளன. 1743-ஆம் ஆண்டில் தந்தை அகஸ்டின் இறந்தபோது, பதினொரு வயதுச் சிறுவன் ஜார்ஜுக்குப் பண்ணை நிலத்துடன் பத்து அடிமைகளும் பங்காக வந்தார்கள். கொப்பரைக்கும் கறவைமாட்டுக்கும் நடுவே, குலப்பெயர் இன்றி, தனிப்பெயர் ஒன்றுடனும் விலையுடனும் மனிதர் எழுதப்பெற்றனர். சில உயில்கள் ஒரு பெண்ணை மட்டுமன்றி, அவளுக்கு இனிப் பிறக்கப்போகும் மக்களையும் முன்கூட்டியே பங்கிடுகின்றன. படிக்கும்போது கை நடுங்குகிறது. ஆயினும், அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இந்தக் கொடிய தாள்தான் பற்றுக்கோடு. 1850, 1860-ஆம் ஆண்டுக் குடிமதிப்புகளின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் வயதும் பாலும் நிறமுமே உண்டு, பெயர் இல்லை. கறுப்பு மக்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதற் குடிமதிப்பு 1870-ஆம் ஆண்டினது. அதற்கு முன்னே செல்ல விரும்புவோர், தம் பாட்டியை விலைக்கு வாங்கியவன் எவன் என்று கண்டறிந்து, அவனுடைய உயிலைத் தேடவேண்டியிருக்கிறது.

அந்த உயிலும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல கோட்டங்கள் தம் ஏடுகளை ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்நகர் எரிந்தபோது அவை சாம்பலாயின. ஜார்ஜின் மனைவி மார்த்தாவின் உயிலோ 1862-ஆம் ஆண்டில் ஒரு படை அதிகாரி கையோடு சென்றுவிட்டது. கோடீசுவரர் மார்கன் அதனை விலைக்கு வாங்கினார். வர்ஜீனியா அரசு வழக்குத் தொடுத்த பிறகே 1915-ஆம் ஆண்டில் அவருடைய மகன் திருப்பிக் கொடுத்தார்.

ஜார்ஜ் வாஷிங்டன் 1799 சூலையில் தம் கைப்பட எழுதிய உயில் இன்றும் உள்ளது. அவ்வாண்டில் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் தமக்கே உரிய 123 பேரைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு அவர் பணித்தார். போர்க்காலமெல்லாம் உடன் இருந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலர் உதவியும் அளித்தார். மார்த்தா காத்திராமல் 1801 சனவரி முதல் நாளிலேயே அந்த 123 பேரையும் விடுவித்தார். மற்றவர்களுள் 153 பேர் மார்த்தாவின் முதற் கணவர் சொத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை விடுவிக்கக் கணவன் மனைவி இருவருக்குமே சட்டத்தில் உரிமை இல்லை. 1802-ஆம் ஆண்டில் மார்த்தா இறந்ததும் பேரப்பிள்ளைகள் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரு பிரிவினரும் தமக்குள் மணம் செய்திருந்தனர். 1799-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கணவன் யார், மனைவி யார், எந்தப் பண்ணை என்று வாஷிங்டன் தம் கையாலேயே குறித்துவைத்திருக்கிறார். எந்தக் குடும்பம் எங்கே பிரிந்தது என்பதை வழித்தோன்றல்கள் அந்தக் குறிப்பைக் கொண்டே கண்டுபிடித்து வருகிறார்கள்.